களா கத்ரும் இறைப்பண்புகளும்: தொடக்ககால இஸ்லாமிய விவாதங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த விவாதம் எதைப் பற்றியது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

‘களா கத்ர்’ என்றால் இறைவன் விதித்தது, விதி. மனிதன் செய்யும் செயலை உண்டாக்குவது யார் என்பது ஒரு கேள்வி. குர்ஆன் இறைவனுக்குச் சொல்லும் அறிவு, ஆற்றல், பேச்சு, கை, முகம் ஆகியவை அவனேதானா, அவனிடம் இருக்கும் வேறொன்றா என்பது மற்றொன்று. பாடநூல்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கும். விவாதித்தவர்களுக்கோ இரண்டும் ஒரே முடிச்சு. இறைவன் நீதியாளன் என்பதை இறுகப் பிடித்தால் அவன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நாமே வரம்பு சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் எல்லாம் வல்லவன் என்பதை இறுகப் பிடித்தால், தான் உண்டாக்கிய செயலுக்காக இன்னொருவனை நரகில் போடுவது என்ன நீதி என்ற கேள்வி வந்து நிற்கிறது. ஒவ்வொரு பிரிவும் எதைக் காப்பாற்றப் பார்த்தது, அதற்காக எதை விட்டுக்கொடுத்தது என்று கவனித்தபடி படித்தால் பெயர்களின் நெரிசலில் தொலைந்துபோக மாட்டோம்.

தொடக்கம் எங்கே? இது வெறும் ஏட்டுச் சண்டைதானே?

இல்லை. ரத்தம் சிந்திய பிறகு எழுந்த கேள்விகள் இவை. 657இல் யூப்ரடீஸ் கரையில் ஸிஃப்பீன் போர். கலீபா அலீயும் சிரியாவின் ஆளுநர் முஆவியாவும் மோதி, நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். ‘தீர்ப்பு இறைவனுக்கு மட்டுமே’ என்று முழங்கியபடி அலீயின் படையிலிருந்து ஒரு கூட்டம் வெளியேறியது. இவர்களே காரிஜிய்யாக்கள். இவர்களில் ஒருவன் 661இல் அலீயைக் கொன்றான்.

காரிஜிய்யாக்களின் வாதம் நேரானது: பெரும்பாவம் செய்தவன் முஸ்லிம் அல்ல. எதிர்த்திசையில் முர்ஜிஆக்கள், ‘அவன் முஸ்லிம்தான், தீர்ப்பை மறுமைக்குத் தள்ளி வைப்போம்’ என்றார்கள். முர்ஜிஆ என்ற பெயருக்கே தள்ளி வைப்போர் என்று பொருள். பாவியின் நிலை என்ன என்று கேட்டவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்பது தெரிந்ததே. அந்தப் பாவத்தை அவன் தானாகச் செய்தானா, அவன்மேல் எழுதப்பட்டிருந்ததா?

குர்ஆனைப் பார்த்தால் விடை கிடைத்துவிடாதா?

இரு தரப்பும் குர்ஆனைத்தான் பார்த்தன. ‘விரும்பியவர் நம்பட்டும், விரும்பியவர் மறுக்கட்டும்’ (18:29), ‘எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்த மாட்டான்’ (2:286) என்பவை ஒருபுறம். ‘அல்லாஹ் நாடினாலன்றி நீங்கள் நாட மாட்டீர்கள்’ (76:30), ‘நீர் எறிந்தபோது நீர் எறியவில்லை, அல்லாஹ்வே எறிந்தான்’ (8:17) என்பவை மறுபுறம்.

சிக்கல் வசனங்களின் எண்ணிக்கையில் இல்லை, வாசிக்கும் முறையில் இருக்கிறது. குர்ஆனில் தெளிவான வசனங்களும் பல பொருளுக்கு இடம் தரும் வசனங்களும் உண்டு என்று 3:7 சொல்கிறது. ஒவ்வொரு பிரிவும் தனக்குச் சாதகமானவற்றைத் ‘தெளிவானவை’ பட்டியலில் வைத்துவிட்டு, எதிராளியின் வசனங்களை அவற்றின் வெளிச்சத்தில் விளக்கியது. பட்டியல் மாறினால் முடிவும் மாறும்.

ஒரே ஒரு சொல் எவ்வளவு தூரம் இழுபடும் என்பதற்கு 37:96 நல்ல உதாரணம். ‘அல்லாஹ்தான் உங்களையும் நீங்கள் செய்வதையும் படைத்தான்’ என்கிறது அது. அரபியில் ‘மா தஃமலூன்’. ‘நீங்கள் புரியும் செயல்கள்’ என்றும் படிக்கலாம், ‘நீங்கள் செய்து வைக்கும் பொருள்கள்’ என்றும் படிக்கலாம். முந்தைய வசனத்தில் இப்ராஹீம் நபி சிலை செதுக்குவோரிடம் பேசுகிறார். ஆகவே இது சிலைகளைத்தான் குறிக்கிறது, கல்லும் மரமும் அவன் படைப்பு என்பதே பொருள் என்றார்கள், மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற முஃதஸிலாக்கள். செயல்களையே குறிக்கிறது, எனவே நம் செயல் அவன் படைப்பு என்றார்கள் அவர்களை எதிர்த்த அஷ்அரிகள் (இரு பிரிவும் கீழே வரும்). தமிழில் ‘செய்வது’ என்று மொழிபெயர்த்தாலும் அதே இரட்டைப் பொருள் வந்துவிடுவது ஒரு வேடிக்கை.

நபித்தோழர்கள் இதைப் பேசினார்களா?

கோட்பாடாக அல்ல, நடைமுறையில் எதிர்கொண்டார்கள். கலீபா உமர் சிரியாவை நோக்கிப் போகும் வழியில், ஸர்க் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஆலோசனை கேட்டுவிட்டுத் திரும்பிவிட முடிவு செய்தார். படைத்தலைவர் அபூஉபைதா, ‘இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா?’ என்று கேட்டார். ‘ஆம், இறைவனின் ஒரு விதியிலிருந்து இறைவனின் இன்னொரு விதிக்கு ஓடுகிறோம்’ என்றார் உமர். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் இறைவிதிப்படிதானே மேய்க்கிறீர் என்று உவமையும் சொன்னார். புகாரியின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் உள்ள இந்தச் செய்தியை இரு தரப்பும் பின்னால் எடுத்தாண்டன. இதை வைத்து எந்தப் பக்கமும் முழு வெற்றி பெறவில்லை.

கதரிய்யா என்றால் விதியை நம்புகிறவர்கள்தானே?

நேர் எதிர். முதன்முறை படிக்கும் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. ‘கத்ர்’ என்றால் விதி, நிர்ணயம். கதரிய்யா என்று அழைக்கப்பட்டவர்கள் தீயச் செயல்களை இறைவன் முன்கூட்டி நிர்ணயித்தான் என்பதை மறுத்தவர்கள். ‘இந்தச் சமுதாயத்தின் மஜூஸிகள் கதரிய்யாக்களே’ என்றொரு ஹதீஸ் அபூதாவூதின் தொகுப்பில் உண்டு. மஜூஸிகள் நன்மைக்கு ஒரு தெய்வம், தீமைக்கு ஒரு தெய்வம் என்று வைப்பவர்கள். மனிதனையும் செயலைப் படைப்பவனாக்கினால் படைப்பாளர்கள் இருவர் ஆகிவிடுகிறார்கள் அல்லவா என்பது குற்றச்சாட்டு. அவர்களோ, ‘எதற்கெடுத்தாலும் கத்ர் கத்ர் என்பது நீங்கள், அந்தப் பெயர் உங்களுக்கே பொருந்தும்’ என்று திருப்பி எறிந்தார்கள். யாரும் தாமே சூட்டிக்கொண்ட பெயரல்ல அது.

இராக்கின் பஸ்ராவில் கத்ர் பற்றி முதலில் பேசியவர் மஅபத் அல்ஜுஹனீ என்று ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பின் ஈமான் (நம்பிக்கை) பாடம் தொடங்குகிறது. ‘கத்ர் என்று ஒன்றில்லை, காரியங்கள் அவ்வப்போது புதிதாக நடக்கின்றன’ என்கிறார்களே என்று யஹ்யா இப்னு யஅமர் என்பவர் நபித்தோழர் இப்னு உமரிடம் போய்க் கேட்கிறார். உஹது மலையளவு தங்கத்தைத் தர்மம் செய்தாலும், கத்ரை நம்பும்வரை அவர்களிடமிருந்து அல்லாஹ் ஏற்கமாட்டான் என்று பதில் வருகிறது. நம் ஊர் மக்தப் மதரஸாவில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ‘வல்கத்ரி கைரிஹீ வ ஷர்ரிஹீ மினல்லாஹி தஆலா’ (விதியின் நன்மையும் தீமையும் அல்லாஹ்விடமிருந்தே) என்ற வரி இந்த மோதலின் தழும்பைச் சுமக்கிறது. அதில் ‘கைரிஹீ’ (அதன் நன்மை) பற்றி யாருக்கும் பிணக்கு இல்லை. ‘வ ஷர்ரிஹீ’ (அதன் தீமை) என்ற சொல்தான் கதரிய்யாவுக்கு எதிரான வேலி.

உமையா ஆட்சி விதிக்கொள்கையை ஆதரித்தது உண்மையா?

பெருமளவுக்கு. முஆவியாவின் குடும்பமான உமையாக்களின் ஆட்சி இறைவன் விதித்தது என்ற பேச்சு அவர்களின் அரசவைக் கவிஞர்களிடம் சாதாரணம். அப்படியிருக்க, ‘கொடுமை செய்பவனே அதற்குப் பொறுப்பு’ என்று சொல்வது அரசியல் பேச்சாகவே கேட்கும். மஅபத், உமையாக்களுக்கு எதிரான இப்னுல் அஷ்அஸின் கிளர்ச்சியில் சேர்ந்து, அது தோற்றபின் கொல்லப்பட்டார். திமிஷ்கில் (டமாஸ்கஸ்) கைலான் என்ற கதரிய்யா கலீபா ஹிஷாம் (724–743) காலத்தில் கொல்லப்பட்டார். 744இல் கலீபா இரண்டாம் வலீதைக் கவிழ்த்த மூன்றாம் யஸீதுக்குக் கைலானின் ஆதரவாளர்கள் பின்பலமாக இருந்தார்கள். அவரது ஆட்சி சுமார் ஆறு மாதம்தான் நீடித்தது.

ஆனால் ‘கதரிய்யா என்றால் புரட்சிக்காரர், எல்லாம் விதியின் கட்டாயமே என்ற ஜபரிய்யா என்றால் அரச விசுவாசி’ என்று சூத்திரம் போட்டுவிடக் கூடாது. மனிதனுக்குச் சுயசெயலே இல்லை என்று சொன்ன ஜஹ்ம் இப்னு ஸஃப்வானும் உமையாக்களுக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்துதான் 746இல் மர்வில் கொல்லப்பட்டார்.

ஹஸன் அல்பஸரீ எந்தப் பக்கம்?

எல்லாப் பக்கமும் அவரைத் தங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடின. அவரது மதிப்பு அப்படி. 642இல் பிறந்து 728இல் மறைந்த பஸ்ரா அறிஞர். கலீபா அப்துல்மலிக்குக்கு அவர் எழுதியதாக ஒரு கடிதம் உண்டு. பாவத்தை இறைவன்மேல் சாற்றாதீர்கள் என்பதே அதன் சாரம். அது அவர் எழுதியதல்ல, பிற்காலத்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எனவே அந்தக் கடிதத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு ‘ஹஸன் கதரிய்யா’ என்று எழுதும் கட்டுரையைச் சற்றுத் தள்ளி வைத்தே படிக்கவும்.

ஜபரிய்யா என்ன சொன்னது?

மரம் அசைந்தது, கல் விழுந்தது, சூரியன் உதித்தது என்று நாம் சொல்லவில்லையா? அதேபோலத்தான் ‘மனிதன் செய்தான்’ என்பதும். மொழி வழக்கு, அவ்வளவே. ஜஹ்மின் நிலைப்பாடாகப் பதிவாகியிருப்பது இது.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இறைவனுக்குத் தனிப் பண்புகள் இல்லை என்பதிலும் குர்ஆன் படைக்கப்பட்டது என்பதிலும் ஜஹ்மும் முஃதஸிலாவும் ஒரே பக்கம். மனித விருப்பம் பற்றியோ இரு துருவங்கள். ஹதீஸ் அறிஞர்கள் முஃதஸிலாவை ‘ஜஹ்மிய்யா’ என்று ஏசியது முதல் ஒற்றுமையை வைத்துத்தான். பழைய நூலில் ‘ஜஹ்மிய்யா’ என்று கண்டவுடன் விதிக்கொள்கைக்காரர் என்று நினைத்தால் பக்கம் முழுக்கத் தலைகீழாகப் புரியும்.

முஃதஸிலா யார்?

பெரும்பாவி முஸ்லிமும் அல்ல, காபிரும் (இறைமறுப்பாளரும்) அல்ல, இடையில் உள்ள ஒரு நிலையில் இருக்கிறான் என்று வாஸில் இப்னு அதா (இறப்பு 748) சொல்லி, ஹஸன் அல்பஸரீயின் வட்டத்தை விட்டு எழுந்து போனார். ‘வாஸில் நம்மை விட்டு ஒதுங்கிவிட்டார்’ என்றார் ஹஸன். ஒதுங்குதல் என்பதற்கான ‘இஃதஸல’ என்ற வினையிலிருந்து பெயர் வந்தது. கதை இப்படிப் போகிறது. இதே கதை வேறு ஆட்களை வைத்தும் சொல்லப்படுவதால் பெயர்க்காரணத்தை உறுதியென்று கொள்ள வேண்டாம்.

அவர்களுடைய ஐந்து அடிப்படைகள்: இறைவனின் ஒருமை, அவனது நீதி, நற்கூலி வாக்குறுதியும் தண்டனை எச்சரிக்கையும் நிறைவேறியே தீரும் என்பது, பாவியின் இடைநிலை, நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல். முதல் இரண்டும்தான் முதுகெலும்பு. தங்களை அவர்கள் ‘நீதியின், ஒருமையின் மக்கள்’ என்றே அழைத்துக்கொண்டார்கள்.

இன்றைய எழுத்துகள் சிலவற்றில் இவர்கள் ‘பகுத்தறிவாளர்கள், தாராளவாதிகள்’ என்று வருவார்கள். பகுத்தறிவைப் பயன்படுத்தினார்கள், சரி. ஆனால் பெரும்பாவி தவ்பா (பாவமன்னிப்பு வேண்டி மீளுதல்) செய்யாமல் இறந்தால் நிரந்தர நரகம் என்பது இவர்கள் கொள்கை. பாவியான முஸ்லிமுக்கும் மன்னிப்பு உண்டு என்றவர்கள் இவர்களின் எதிரிகள்.

மனிதச் செயலை முஃதஸிலா எப்படி விளக்கியது?

படிப்படியாகப் பார்க்கலாம். கட்டளை இடுவதென்றால் கட்டளையை நிறைவேற்றும் சக்தி முன்பே இருக்க வேண்டும். அந்தச் சக்தியை இறைவன் மனிதனுக்குள் படைக்கிறான். அது செயலுக்கு முந்தியே இருக்கும். செய்யவும் செய்யாமலிருக்கவும் ஒருசேரப் பயன்படும். எதைத் தேர்ந்தாலும் செயல் மனிதனுடையது. அதனால்தான் கூலியும் தண்டனையும் நியாயம்.

எங்கே சிக்கியது? செயலின் தொடர்விளைவில். ஒருவன் அம்பு எய்கிறான். அம்பு காற்றில் இருக்கும்போதே அவன் இறந்துவிடுகிறான். பிறகு அம்பு தைத்து இன்னொருவன் சாகிறான். கொன்றது யார்? எய்தவன்தான், செத்தபின்னும் செயல் அவனுடையதே என்பது முஃதஸிலா அறிஞர் அபுல்ஹுதைலின் வழி. இல்லை, கையசைவு மட்டுமே மனிதனுடையது. அதன்பின் நடப்பது பொருள்களில் இறைவன் வைத்த இயல்பால் நடக்கிறது என்பது இன்னொரு முஃதஸிலாவான நஸ்ஸாமின் வழி. துமாமா இப்னு அஷ்ரஸ் ஒருபடி மேலே போய், அத்தகைய விளைவுகளுக்குச் செய்பவனே இல்லை என்றார். ‘தவல்லுத்’ எனப்படும் இந்த விவாதம் கேலிக்குரியதாகத் தோன்றலாம். குற்றவியல் நீதிமன்றங்களில் இன்றும் இதே கேள்வி வேறு உடையில் வருகிறது.

இறைவனுக்கு ‘அறிவு உண்டு’ என்று சொல்வதில் என்ன சிக்கல்?

அறிவு தொன்மையானது, அதாவது தொடக்கமே இல்லாதது, என்றால் இறைவனோடு இன்னொரு தொன்மையும் இருந்தது என்றாகும். பேச்சு, ஆற்றல், விருப்பம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் தொன்மைகள் பெருகும்; ஒருமை போய்விடும். தொன்மையானதல்ல என்றால், ஒரு காலத்தில் அவன் அறியாதவனாக இருந்தான் என்றாகும். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம்.

அபுல்ஹுதைல், ‘அவன் ஓர் அறிவால் அறிகிறான், அந்த அறிவு அவனேதான்’ என்றார். உடனே கேட்டார்கள்: அறிவும் அவனே, ஆற்றலும் அவனே என்றால் அறிவும் ஆற்றலும் ஒன்றா? அபூஹாஷிம் (இறப்பு 933) அவற்றை ‘நிலைகள்’ என்றார். இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பண்புகள் உண்டு என்ற மறுமுகாமிலிருந்து இப்னு குல்லாப், ‘பண்புகள் அவனும் அல்ல, அவனுக்கு அந்நியமும் அல்ல’ என்றார். பிற்கால அஷ்அரி மரபு நிலைநிறுத்திய ஏழு பண்புகளான உயிர், அறிவு, ஆற்றல், நாட்டம், கேட்டல், பார்வை, பேச்சு ஆகியவை இந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கின்றன. பின்னால் வரப்போகும் மாதுரீதியின் வழி வந்தவர்கள் எட்டாவதாக ‘தக்வீன்’, அதாவது உண்டாக்குதல், என்பதையும் தொன்மையான தனிப்பண்பாகச் சேர்ப்பார்கள்.

குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற கேள்விக்காகச் சிறையும் சவுக்கடியும் ஏன்?

பேச்சு இறைவனின் பண்பு. குர்ஆன் அவன் பேச்சு. ஆகவே மேலே சொன்ன சிக்கல் நேராகக் குர்ஆன்மேல் விழுகிறது. குர்ஆன் தொன்மையானது என்பது, ஈஸா (இயேசு) இறைவனின் வார்த்தை என்பதால் படைக்கப்படாதவர் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதைப் போன்றதே என்று கலீபா மஃமூனின் கடிதமே வாதிடுகிறது. குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை 827இல் அறிவித்த மஃமூன், 833இல் பக்தாதின் ஆளுநர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்குக் கடிதம் எழுதி விசாரணையைத் தொடங்கினார். இதுவே ‘மிஹ்னா’, சோதனை.

முதலில் ஏழு பேரைத் தன்னிடம் வரவழைத்தார். ஏழு பேரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு பக்தாதில் காஜிகளும் ஹதீஸ் அறிஞர்களும் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். தபரீயின் வரலாற்றில் உள்ள குறுக்கு விசாரணை நாடகம் போலவே இருக்கும். பிஷ்ர் இப்னுல் வலீதிடம் கேட்கிறார்கள், குர்ஆன் பற்றி என்ன சொல்கிறீர்? அது அல்லாஹ்வின் பேச்சு. அதைக் கேட்கவில்லை, படைக்கப்பட்டதா? அல்லாஹ் எல்லாப் பொருளையும் படைத்தவன். குர்ஆன் ஒரு பொருளா? பொருள்தான். அப்படியானால் படைக்கப்பட்டதா? அது படைப்பவன் அல்ல. அதையும் கேட்கவில்லை! இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. இப்படியே போகிறது. பொய் சொல்லவும் மனமில்லை, தலை போகவும் கூடாது என்று நின்றவர்களின் மொழி இது.

கடைசிவரை மறுத்த நால்வருக்கு விலங்கு. மறுநாள் ஒருவர் பணிந்தார், அதற்கடுத்த நாள் இன்னொருவர். மீதி அஹ்மத் இப்னு ஹன்பலும் முஹம்மத் இப்னு நூஹும். இருவரையும் பைஸாந்திய எல்லையருகே உள்ள தர்ஸூஸுக்குக் கொண்டுபோகும் வழியில் மஃமூன் இறந்த செய்தி வந்தது. திருப்பி அனுப்பப்பட்ட வழியில் இப்னு நூஹ் இறந்துபோனார். அஹ்மத் சுமார் 28 மாதம் சிறையில் இருந்து, அடுத்த கலீபா முஃதஸிமின் முன்னிலையில் சவுக்கடி பட்டார்.

அவருக்குப் பின் வந்த கலீபா வாஸிக் காலத்தில் (842–847) கெடுபிடி கூடியது. கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகப் பிடிபட்ட அஹ்மத் இப்னு நஸ்ர் அல்குஸாயியிடம் கிளர்ச்சி பற்றிக் கேட்காமல் குர்ஆன் பற்றிக் கேட்டு, 846இல் கலீபாவே வாளெடுத்தார். அதற்குச் சற்று முன், பைஸாந்தியரோடு நடந்த கைதிப் பரிமாற்றத்தில், மீட்கப்படும் முஸ்லிம் கைதிகளிடமும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. மறுத்தவருக்கு மீட்பு இல்லை. 847இல் பதவிக்கு வந்த முதவக்கில் 848 முதல் சில ஆண்டுகளில் படிப்படியாக இதை நிறுத்தினார்.

‘முஃதஸிலாதான் மிஹ்னாவை நடத்தியது’ என்று ஒரே வரியில் எழுதுவது வழக்கம். தலைமைக் காஜி இப்னு அபீ துஆதின் பங்கு பெரியது, அவர் முஃதஸிலா சார்பினர்தான். ஆனால் தொடங்கியது மஃமூன். மார்க்கத்தில் இறுதிச் சொல் கலீபாவுக்கா, அறிஞர்களுக்கா என்ற போட்டி அதன் அடியில் இருந்தது. அந்தப் போட்டியில் கலீபா தோற்றார்.

அஷ்அரியின் ‘கஸ்பு’ கோட்பாடு என்ன? புரியவே இல்லையே?

புரியாதது உங்கள் குற்றமல்ல. ‘அஷ்அரியின் கஸ்பைவிட நுணுக்கமானது’ என்று அரபியில் கிண்டலாகவே சொல்வார்கள்.

அபுல்ஹஸன் அல்அஷ்அரீ (874–936) முஃதஸிலா தலைவர் அபூஅலீ அல்ஜுப்பாயியின் மாணவர். ஏறத்தாழ 40 வயதில் விலகினார். அவர் எடுத்துக்கொண்ட தொடக்கப்புள்ளி எளியது. குளிரில் கை நடுங்குவதும், வேண்டுமென்று கையை அசைப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை ஒவ்வொருவரும் தனக்குள் உணர்கிறார். ஆகவே ஜபரிய்யா தவறு. ஆனால் படைப்பவன் இறைவன் ஒருவனே, ஆகவே முஃதஸிலாவும் தவறு. வேண்டுமென்று செய்யும் அசைவில், அசைவையும் இறைவன் படைக்கிறான், அதே நொடியில் அதற்கான சக்தியையும் மனிதனில் படைக்கிறான். அந்தச் சக்தியோடு சேர்ந்து செயல் நிகழ்வதால் மனிதன் அதை ‘ஈட்டிக்கொள்கிறான்’. கஸ்பு என்றால் ஈட்டுதல். சொல் குர்ஆனிலேயே உண்டு. செயலுக்கு அதைப் பயன்படுத்தும் யோசனையும் அஷ்அரிக்கு முன்பே ளிரார் இப்னு அம்ரிடம் உண்டு.

பலவீனம் எங்கே என்றால், அந்தச் சக்தி செயலை உண்டாக்குவதில்லை. கூடவே இருக்கிறது, அவ்வளவுதான். பிறகு அதனால் என்ன பயன்? பிற்கால அஷ்அரிகளே இதில் நெளிந்தார்கள். இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (இறப்பு 1085) தன் கடைசிக் கால நூலொன்றில் மனிதச் சக்திக்கு உண்மையான தாக்கம் உண்டு என்னும் அளவுக்கு நகர்ந்தார்.

மூன்று சகோதரர்கள் கதை?

அஷ்அரி ஜுப்பாயியிடம் கேட்டதாகச் சொல்லப்படுவது. மூன்று சகோதரர்கள். ஒருவர் நல்லவராக வாழ்ந்து இறந்தார், ஒருவன் தீயவனாக இறந்தான், ஒன்று குழந்தையிலேயே இறந்தது. சொர்க்கத்தில் உயர்ந்த இடம் தனக்கில்லையே, என்னை வளரவிட்டிருந்தால் நானும் நன்மை செய்திருப்பேனே என்கிறது குழந்தை. ‘நீ வளர்ந்தால் பாவியாவாய் என்று அறிந்தே உன் நன்மைக்காக அழைத்துக்கொண்டேன்’ என்பது பதில். உடனே நரகத்திலிருந்து இரண்டாமவன் கத்துகிறான்: ‘என்னை ஏன் குழந்தையில் அழைத்துக்கொள்ளவில்லை?’ ஜுப்பாயிக்குப் பதிலில்லை.

கதை கூர்மையானது. ஆனால் ஒவ்வொரு அடியானுக்கும் எல்லா விஷயத்திலும் மிகச் சிறந்ததையே செய்வது இறைவனுக்குக் கடமை என்ற கருத்தைத்தான் அது குத்துகிறது. அந்த அளவுக்குப் போனவர்கள் பக்தாத் முஃதஸிலாக்கள். ஜுப்பாயி பஸ்ராப் பிரிவினர். அவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. எனவே உரையாடல் நடந்ததாக நம்புவதைவிட, அம்பு யார்மேல் எய்யப்பட்டது என்று பார்ப்பது பயன்.

மாதுரீதி எங்கே வேறுபடுகிறார்?

ஸமர்கந்தில் வாழ்ந்து 944இல் மறைந்தவர், ஹனபி மரபு. செயலைப் படைப்பவன் இறைவன் என்பதில் அஷ்அரியோடு உடன்பாடு. ஆனால் மனிதனின் தேர்வு உண்மையானது, இரு எதிர்ச்செயல்களில் எதற்கும் திரும்பக்கூடியது என்று அழுத்துவார். பிற்கால அகீதா (நம்பிக்கைக் கொள்கை) நூல்களில் வரும் உதாரணம், அநாதைக் குழந்தையை அறைவது. அறை என்ற அசைவு ஒன்றுதான், அது இறைவனின் படைப்பு. திருத்துவதற்காகவா, துன்புறுத்தவா என்பது மனிதனின் நோக்கத்தால் ஆகிறது. அந்த இடத்தில்தான் நன்மையும் பாவமும்.

நன்மை தீமையை அறிவு தானாகவே ஓரளவு அறிந்துகொள்ளும் என்பதும் மாதுரீதிகளின் நிலை. அஷ்அரிகளுக்கு அது வஹீ (இறைச்செய்தி) சொன்ன பிறகே. சட்ட மரபுகளில் ஷாபிஈகள் பெரும்பாலும் அஷ்அரி வழி, ஹனபிகள் மாதுரீதி வழி. அந்தக் கணக்கில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களும் இலங்கையும் ஒரு மரபில், ராவுத்தர்கள் மிகுந்த உள்நாட்டு ஊர்கள் இன்னொரு மரபில் வரும்.

ஷியாக்களின் நிலை?

‘கட்டாயமும் இல்லை, முழுமையாக ஒப்படைத்தலும் இல்லை, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று’ என்று இமாம் ஜஅஃபர் அஸ்ஸாதிக் சொன்னதாக வரும் வாக்கு பன்னிரு இமாம் மரபின் அடிக்கல். 10, 11ஆம் நூற்றாண்டுகளில் அம்மரபு நீதிக்கொள்கையில் முஃதஸிலாவை ஒட்டி வந்தது. ஷியாக்களின் இன்னொரு கிளையான யமன் ஸைதிகள் அதைவிட நெருக்கம்.

‘அல்லாஹ்வின் கை’, ‘அர்ஷின் மீது’ என்பதையெல்லாம் எப்படிப் புரிந்துகொண்டார்கள்?

‘என் இரு கைகளால் படைத்தேன்’ (38:75), ‘அர்ஷின் மீது இஸ்தவா’, அதாவது அரியணை மீது அமைதல், (20:5) ஒருபுறம். ‘அவனைப் போன்று எதுவுமில்லை’ (42:11) மறுபுறம். நான்கு வழிகள் வந்தன. உடலைப் போலவே எடுத்துக்கொள்வது. முகாத்தில் இப்னு ஸுலைமான் (இறப்பு 767) மீது இந்தக் குற்றச்சாட்டு உண்டு. கை என்றால் ஆற்றல் அல்லது அருள் என்று விளக்கம் சொல்வது முஃதஸிலா வழி. கை உண்டு, ஆனால் ‘எப்படி’ என்று கேட்காதே என்பது ஹதீஸ் அறிஞர்கள் வழி. பொருளை இறைவனிடமே விட்டுவிடுவது நான்காவது. அஷ்அரி மரபுக்குள் பின்னாளில் இரண்டாவதும் நான்காவதும் அருகருகே வாழ்ந்தன.

மாலிக் இப்னு அனஸிடம் (இறப்பு 795) ஒருவர் இஸ்தவா எப்படி என்று கேட்க, ‘இஸ்தவா அறியப்பட்டது, எப்படி என்பது அறிவுக்கு எட்டாதது, அதை நம்புவது கடமை, அதைப் பற்றிக் கேட்பது பித்அத் (மார்க்கத்தில் புதுமை)’ என்று சொல்லி ஆளை வெளியேற்றினார் என்பர். இந்த ஒரே பதிலை மூன்றாம், நான்காம் வழிக்காரர்கள் இருவரும் தம் ஆதாரமாக வைக்கிறார்கள். ‘அறியப்பட்டது’ என்றால் பொருள் அறியப்பட்டதா, குர்ஆனில் வந்திருப்பது அறியப்பட்டதா என்பதில் பிரிகிறார்கள்.

‘அல்லாஹ்வுக்கு உருவம் உண்டா’ என்று தமிழ்நாட்டு மேடைகளில் நடந்த விவாதங்கள் இதன் நேர்த் தொடர்ச்சி. குர்ஆன் தமிழாக்கங்களை எடுத்து 20:5ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் ‘அமைந்தான்’, இன்னொன்றில் ‘அமர்ந்தான்’. ஓரிரு எழுத்துதான் வேறு. 1,200 ஆண்டுச் சண்டை அதற்குள் இருக்கிறது.

இதெல்லாம் கிரேக்க, கிறிஸ்தவச் சிந்தனையிலிருந்து வந்ததா?

சூழல் உண்டு. திமிஷ்க் யோவானின் பெயரில் கிறிஸ்தவருக்கும் ‘சரசேனருக்கும்’ (முஸ்லிம்களுக்கு அன்றைய கிறிஸ்தவர் வைத்த பெயர்) இடையே மனித விருப்பம் பற்றிய உரையாடல் ஒன்று கிடைக்கிறது.  ஆனால் பாவியின் நிலை என்ற கேள்வி ஸிஃப்பீனில் பிறந்தது. குர்ஆன் வசனங்களுக்குள் இருந்த இழுபறியை வெளியிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையில்லை.

முஃதஸிலாவின் நூல்கள் என்னவாயின? அவர்கள் சொன்னதை அவர்கள் வாயாலேயே படிக்க முடியுமா?

நெடுங்காலம் முடியாதிருந்தது. எதிரிகளின் நூல்களில் வந்த மேற்கோள்கள்தான் கிடைத்தன. அவற்றில் அஷ்அரியின் ‘மகாலாத்துல் இஸ்லாமிய்யீன்’ வியப்பூட்டும் அளவுக்கு நேர்மையானது. யார் என்ன சொன்னார் என்று பட்டியலிட்டு, பெரும்பாலும் திட்டாமல் நகரும். பிற்கால அஷ்அரி அறிஞர் பக்தாதியின் நூல் அப்படியல்ல. அதில் ஒவ்வொரு பிரிவும் தன் மிக மோசமான வாக்கியத்தால்தான் அறிமுகமாகும். கய்யாத்தின் ‘இன்திஸார்’ 1925இல் கெய்ரோவில் அச்சானபோது முதல்முறையாக ஒரு முஃதஸிலாவின் சொந்தக் குரல் பரவலாகக் கேட்டது.

பெரிய திருப்பம் யமனில். ஸைதிகள் தம் நூலகங்களில் முஃதஸிலா ஏடுகளைப் படியெடுத்துக் காத்து வந்திருந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அங்கே போன எகிப்திய ஆய்வுக்குழு அவற்றைப் படம்பிடித்து வந்தது. அவற்றில் காழீ அப்துல்ஜப்பாரின் (இறப்பு 1025) ‘அல்முக்னீ’யும் ஒன்று. 20 பாகங்கள் கொண்ட அந்த நூலில் 14 பாகங்கள் கிடைத்து, கெய்ரோவில் அச்சேறின. மனிதச் செயலுக்கு ஒரு பாகம், தவல்லுத்துக்கு ஒரு பாகம், குர்ஆன் படைக்கப்பட்டது என்பதற்கு ஒரு பாகம். அரபி தெரிந்தவர்கள் எட்டாம் பாகத்திலிருந்து தொடங்கலாம்; மனிதச் செயல்கள் அங்கேதான்.